பல்கலைக்கழக அணியிலிருந்து தொழில்முறை லீக் வரை: ஐஸ் ஹொக்கி ஆடும் பெறாமகளுக்காக ஒரு பதில்

உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய அக்காவின் குடும்பம் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் வசிக்கிறது. அங்கேயே பிறந்த பதினேழு வயதுப் பெறாமகள் சிறு வயதிலிருந்தே ஐஸ் ஹொக்கி ஆடுகிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றும் ஒன்ராறியோ மாகாணத்திலேயே உள்ள இன்னொன்றும் தங்கள் அணிக்கு அவளைக் கேட்கின்றன. அக்கா ஒரு பக்கம், அத்தான் மறுபக்கம். பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த பிறகு இந்த விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு ஒரு பெண் வாழ முடியுமா, அந்த வழி எப்படிப்பட்டது என்று கேட்கிறார். குடும்பத்தின் மூத்தவர்கள் திருகோணமலையில் இருப்பதால் ஆலோசனையும் இங்கேதான் கேட்கப்படுகிறதாம்.

இதற்குப் பதில் சொல்ல எனக்குள்ள தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திருகோணமலையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வலைப்பந்தும் தடகளமும் கற்பித்த எனக்குப் பனி என்பது குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் பொருளாகத்தான் தெரிந்திருந்தது. ஓய்வுக்குப் பிறகு மகளின் குடும்பத்தோடு ஒன்ராறியோவில் ஏழு குளிர்காலங்கள் இருந்தேன். பேத்தி கோல்காப்பாளர். அவளுடைய பயிற்சிகளுக்கும் ஆட்டங்களுக்கும் கூடவே போய், அரீனாவின் குளிர்ந்த வாங்குகளில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருந்தபடியே இந்த விளையாட்டையும் அதன் பின்னால் உள்ள கணக்கு வழக்குகளையும் கற்றுக்கொண்டேன்.

சுருக்கமான பதிலை முன்னரே தந்துவிடுகிறேன்: முடியும், ஆனால் மிகச் சிலருக்குத்தான், அதுவும் வாழ்க்கையின் சில ஆண்டுகளுக்குத்தான். ஆகையால் எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவெடுக்கும்போது, அவள் ஒரு நாளும் தொழில்முறை ஆட்டக்காரியாக ஆகாமற்போனாலும் அந்தப் பட்டம் அவளுக்குப் போதுமா என்ற கேள்வியை முதலில் வைக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீண்ட பதில்.

ஊரில் இருக்கும் மூத்தவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. புல்லில் ஆடும் ஹொக்கியில் பந்து உருளும். இங்கே ஓர் அங்குலத் தடிப்பும் மூன்று அங்குல விட்டமும் கொண்ட இறப்பர் வில்லை, கரம் பலகையில் காய் வழுக்குவதைப் போலப் பனியில் வழுக்கிச் செல்லும். அதைப் பக் என்பார்கள். ஒரு பக்கத்துக்குக் கோல்காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர். இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள். சறுக்கு வேகத்தில் உடல் விரைவில் களைத்துவிடுவதால் ஒவ்வொருவரும் முக்கால் நிமிடம் அளவில் ஆடிவிட்டு வாங்குக்குத் திரும்ப, அடுத்தவர் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார். அணியில் பெயர் இருப்பதும் ஆட்டத்தில் கால் பதிப்பதும் வேறு வேறு என்பதை இந்த ஏற்பாட்டிலிருந்தே ஊகிக்கலாம். அந்த வேறுபாட்டுக்குப் பின்னர் வருவேன்.

ஆண்பிள்ளைகளின் வழியும் பெண்பிள்ளைகளின் வழியும் இந்த விளையாட்டில் ஒன்றல்ல. ஒரு பையன் பதினாறு வயதிலேயே கனடாவின் ஜூனியர் லீக்குகளுக்குப் போய், பதினெட்டில் தேசிய ஹொக்கி லீக்கின் வீரர் தெரிவில் பெயர் பெற்று, பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலே கோடீஸ்வரனாகலாம். பெண்களுக்கு அப்படியொரு ஏணி கட்டப்படவே இல்லை. அவர்களுக்குப் பல்கலைக்கழக அணிதான் பட்டறை. தொழில்முறை லீக் பதினெட்டு வயது நிரம்பியவர்களைச் சட்டப்படி ஏற்றுக்கொள்ளும் என்றாலும், தெரிவாகும் வட அமெரிக்கப் பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் பல்கலைக்கழகக் காலத்தை முடித்தவர்கள். அமெரிக்காவில் 1972 இல் வந்த ஒன்பதாம் தலைப்புச் சட்டம், அரச நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கட்டளையிட்டதன் பின்னரே பல்கலைக்கழகங்கள் பெண்களின் அணிகளில் பணம் போடத் தொடங்கின. ஒன்ராறியோவின் சிறிய ஊர்களிலிருந்து பெண்கள் எல்லை கடந்து அமெரிக்காவுக்குப் போகும் வழக்கம் வேர் பிடித்தது அந்தப் பணத்தினால்தான்.

இப்போது உங்கள் முன் உள்ள இரண்டு கதவுகளுக்கு வருகிறேன்.

அமெரிக்கக் கதவு என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தினுடையது. பெண்களுக்கான தேசியச் சம்பியன் போட்டியை அது 2001 இலிருந்து நடத்துகிறது. முதலாம் பிரிவுத் தரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட அணிகள் ஆடுகின்றன. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2006 க்கும் 2025 க்கும் இடையில் எட்டு முறை சம்பியனாகியிருக்கிறது. அத்தகைய அணியில் இடம் கிடைத்தால், உலகத் தரமான பயிற்சியும் ஒலிம்பிக் வீராங்கனைகளின் தோழமையும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு மாணவி ஐந்து ஆண்டுக் காலத்துக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்பது அங்கே நெடுங்காலமாக உள்ள விதி.

பணத்தைப் பொறுத்தவரை, ஓர் அணி அதிகபட்சம் பதினெட்டு முழுப் புலமைப்பரிசில்களுக்கு ஈடான தொகையை மட்டுமே பகிரலாம் என்ற பழைய வரம்பு, 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நீதிமன்ற இணக்கத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்துகொண்ட பல்கலைக்கழகங்களுக்கு நீங்கிவிட்டது. அதற்குப் பதிலாக அணியில் இருபத்தாறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பு வந்திருக்கிறது. இருபத்தாறு பேருக்கும் பணம் கொடுக்க அனுமதி உண்டு; கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் "புலமைப்பரிசில் உண்டு" என்று பயிற்றுநர் வாயால் சொல்வதை நம்பி இருந்துவிடாமல், கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம் ஆகியவற்றில் எத்தனை வீதம், எத்தனை ஆண்டுகளுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். முன்பு இதற்கென்று இருந்த தேசியக் கைச்சாத்துப் பத்திரம் 2024 ஒக்டோபரில் கைவிடப்பட்டது. இப்போது பல்கலைக்கழகமே தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான் ஆவணம். ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று ஒரு சதமும் தருவதில்லை. ஆனால் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து அவை தரும் உதவி, ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்து இரண்டு வேலை செய்யும் குடும்பத்துக்குச் சில வேளை விளையாட்டுப் புலமைப்பரிசிலைவிடப் பெரிதாக இருக்கும். மூன்றாம் பிரிவுப் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டுப் புலமைப்பரிசில் இல்லை. கேட்கும் பல்கலைக்கழகம் எந்தப் பிரிவு என்பதை நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் விசாரியுங்கள்.

இன்னொன்று: அமெரிக்க மாணவர்கள் இப்போது தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் கனடாக் குடியுரிமையுள்ள உங்கள் பெறாமகள் மாணவர் விசாவில் போவாள், அந்த விசாவில் உழைப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே அந்த வருமானத்தைக் குடும்பக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கனடாக் கதவு, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டு அமைப்பான யூ ஸ்போர்ட்ஸ். நாடு முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் அதில் உள்ளன. விளையாட்டுக்காகத் தரப்படும் உதவி கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டக் கூடாது என்பது அங்கே பொதுவான விதி. தங்குமிடமும் சாப்பாடும் நம் பொறுப்பு. ஆனால் வீட்டிலிருந்து போய் வரக்கூடிய தூரம் என்றால் அந்தச் செலவே எழாது. ஐந்து பருவங்கள் ஆடலாம். அமெரிக்காவைவிட வெளிச்சம் குறைவு, ஆட்டங்களைப் பார்க்க வரும் தொழில்முறை அணிகளின் ஆட்களும் குறைவு, லீக்கின் தெரிவில் இங்கிருந்து போகிறவர்கள் சிலரே. எனினும் அடைத்த கதவு என்று எவரும் சொல்ல முடியாது: 2018 ஒலிம்பிக்கில் மிகச் சிறந்த வீராங்கனை என்று தெரிவான மெலோடி டௌ மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்.

நீங்கள் எழுதியதில் எனக்குச் சிறிது உறுத்திய விடயம் காலம் பற்றியது. அமெரிக்கப் பயிற்றுநர்கள் ஒரு மாணவியோடு நேரடியாகப் பேசத் தொடங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட நாள், அவள் பத்தாம் வகுப்பை முடித்த பின் வரும் ஜூன் 15. பெரிய அணிகள் அந்தக் கோடையிலும் அதையடுத்த மாதங்களிலும் தங்களுக்கு வேண்டியவர்களைப் பேசி முடித்துவிடும். பதினேழு வயதில், அதுவும் பள்ளியின் கடைசி ஆண்டில் வரும் அழைப்பு சில வேளை அணியில் எதிர்பாராமல் விழுந்த ஓர் இடைவெளியை நிரப்புவதற்கானது. அதில் தவறில்லை, நல்ல வாய்ப்பாகவும் முடியலாம். ஆனால் அதிக நேரம் ஆடும் முதல் வரிசைக்கா, குறைவாகவே களமிறங்கும் நான்காம் வரிசைக்கா, பயிற்சியில் எண்ணிக்கையை நிரப்பவா என்று கேட்காமல் போகக் கூடாது. என் பேத்தியை ஒரு பல்கலைக்கழகம் இனிக்க இனிக்கப் பேசி அழைத்தது. போன பின்புதான் அவள் மூன்றாவது கோல்காப்பாளர் என்று தெரிந்தது. ஒரு முழுப் பருவத்தில் அவள் வலைக்கு முன்னால் நின்ற நிமிடங்களை விரல்விட்டு எண்ணலாம். மறு ஆண்டு வேறிடம் மாறினாள். மாறுவது இப்போது முன்னைவிட எளிது, ஆனால் பாட அலகுகள் எல்லாம் கூடவே மாறி வருவதில்லை. பட்டம் ஒரு தவணை பிந்திற்று.

இனி, பல்கலைக்கழகத்துக்கு அப்பால்.

இன்று இருக்கும் தொழில்முறை மகளிர் ஹொக்கி லீக் மிக இளையது. அதன் முதல் ஆட்டம் 2024 ஜனவரி 1 அன்று ரொறன்ரோவில் நடந்தது. நியூயோர்க் அணி நான்குக்குப் பூச்சியம் என்று ரொறன்ரோவை வென்றது. இலங்கையில் அப்போது இரவு பதினொரு மணி. உவர்மலை வீட்டில் யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டம் நடந்த மண்டபம், பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்துக்குள் இருக்கும், ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகத்தின் பனித்தளம். மாணவிகள் ஆடும் தளத்தையே தொழில்முறை அணி முதல் பருவத்தில் தன் வீடாகக் கொண்டது என்பதைப் பார்த்தபோது, இந்த இரண்டு உலகங்களுக்கும் இடையில் உள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தோன்றிற்று. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் மொன்றியலின் பெல் சென்ரரில் மொன்றியல் அணியும் ரொறன்ரோ அணியும் மோதியபோது 21,105 பேர் வந்து இருந்தார்கள்.

இதற்கு முன்னால் நடந்தவற்றை அக்காவும் அத்தானும் அறிந்திருப்பது நல்லது, ஏனென்றால் லீக் என்பது உடையக்கூடிய பொருள். 2007 இல் தொடங்கிய கனேடிய மகளிர் லீக் பத்தாண்டு காலம் ஆட்டக்காரிகளுக்குச் சம்பளமே தரவில்லை. 2017 இல்தான் ஆண்டுக்கு 2,000 முதல் 10,000 டொலர் வரை கொடுக்கத் தொடங்கியது. 2019 இல் மூடிவிட்டது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள் பகலில் வேலைக்குப் போய், இரவு ஒன்பது மணிக்குப் பயிற்சிக்கு வந்த காலம் அது. அமெரிக்காவில் 2015 இல் தோன்றிய இன்னொரு லீக் பெயர் மாறி, 2023 கோடையில் விலைக்கு வாங்கப்பட்டுக் கலைக்கப்பட்டது. அதில் டாரில் வாட்ஸ் என்ற ரொறன்ரோப் பெண் அடுத்த பருவத்துக்கு 150,000 டொலருக்கு ஒப்பமிட்டிருந்தார். பெண்கள் ஹொக்கியில் அதுவரை எவரும் காணாத தொகை. ஆடுவதற்கு லீக்கே இல்லாமற்போனதால் அந்தக் கடதாசியும் பெறுமதியற்றுப் போயிற்று. விஸ்கான்சினில் படித்த அவர் பின்னர் புதிய லீக்கில் ஒட்டாவாவுக்கும் ரொறன்ரோவுக்கும் ஆடினார் என்பது ஆறுதலான பகுதி.

இந்தப் புதிய லீக்கின் பின்னால் இருப்பவர் மார்க் வால்ட்டர் என்ற செல்வந்தர். எல்லா அணிகளும் அவருடைய நிறுவனத்துக்கே சொந்தம். ஒரே உரிமையாளர் என்பதால் அணிகள் ஒன்றையொன்று விலையேற்றி அழித்துக்கொள்ளும் ஆபத்து இல்லை. அதே காரணத்தால் அவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் உண்டு. அதற்கான பாதுகாப்பு, ஆட்டக்காரிகளின் சங்கம் முதல் ஆட்டத்துக்கு முன்னரே கைச்சாத்திட்டுப் பெற்ற கூட்டு ஒப்பந்தம். அது 2031 வரை செல்லும். பழைய லீக்குகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அரங்குகளின் பெருமையைவிட அந்த ஒப்பந்தம்தான் என்பது என் எண்ணம்.

அதில் உள்ளபடி முதல் பருவத்தின் ஆகக் குறைந்த சம்பளம் 35,000 அமெரிக்க டொலர், ஆண்டுதோறும் மூன்று வீத உயர்வு. அதன்படி 2025–26 பருவத்தில் அது 37,000 ஐச் சற்றுத் தாண்டுகிறது. ஓர் அணியில் ஒன்பது பேருக்கு மேல் இந்தக் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கக் கூடாது; குறைந்தது ஆறு பேருக்கு 80,000 க்குக் குறையாத மூன்றாண்டு ஒப்பந்தம் இருக்க வேண்டும்; அணியின் சராசரி முதல் ஆண்டில் 55,000. வீட்டு வாடகைக்கு மாதம் 1,500 டொலர் உதவி தனியாக உண்டு. திருகோணமலையில் இருந்துகொண்டு முந்நூறால் பெருக்கி "ஒரு கோடி ரூபாய்க்கு மேலே" என்று மலைக்கும் உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பொஸ்டனிலோ நியூயோர்க்கிலோ வரி கழித்து அந்தக் குறைந்த சம்பளத்தில் வாழ்வது, இங்கே புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியை வெளிமாவட்டத்தில் அறை எடுத்து வாழ்வதைப் போன்றது. பட்டினி இல்லை. சேமிப்பும் இல்லை.

இடங்கள் எத்தனை என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பொஸ்டன், மினசோட்டா, மொன்றியல், நியூயோர்க், ஒட்டாவா, ரொறன்ரோ என்ற ஆறு அணிகளோடு தொடங்கிய லீக்கில் 2025–26 பருவத்துக்கு வன்கூவரும் சியாட்டிலும் சேர்ந்தன. அணிக்கு இருபத்துமூன்று பேர் என்றால் எட்டு அணிகளுக்கு 184 பேர். அணிக்குச் சிலர் காத்திருப்புப் பட்டியலிலும் இருப்பார்கள். மறுபக்கம், அமெரிக்க முதலாம் பிரிவில் மட்டும் அணிக்கு இருபத்தைந்து பேர் என்று வைத்தால் ஆயிரம் பேருக்கு மேல் ஆடுகிறார்கள், ஆண்டுதோறும் இருநூற்றைம்பது பேர் அளவில் படித்து வெளியேறுகிறார்கள். கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்கள் வேறு. இவர்கள் எல்லோருக்கும் டிராஃப்ட் எனப்படும் வீராங்கனைத் தெரிவில் 2025 இல் இருந்த இடங்கள் நாற்பத்தெட்டு. அந்த ஆண்டு முதல் பெயராக அழைக்கப்பட்ட கிறிஸ்டீனா கால்தௌன்கோவா செக் நாட்டவர், ஆனால் அவரும் அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டே வந்தார்.

தெரிவு நடக்கும் முறை எளியது. பல்கலைக்கழகப் பருவம் மார்ச்சில் முடியும். தகுதியுள்ளவர் தம் பெயரைப் பதிந்துகொள்வார். ஜூன் மாதத்தில் அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக அழைக்கும். பெயர் அழைக்கப்படுவதால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. அந்த அணியோடு மட்டுமே பேசலாம் என்ற உரிமை பிறக்கிறது, அவ்வளவுதான். அதன் பின் பயிற்சி முகாம். அங்கே பழைய ஆட்டக்காரிகளோடு போட்டியிட்டு இருபத்துமூன்றுக்குள் வந்தால்தான் ஒப்பந்தம் உறுதியாகும். அழைக்கப்படாதவர்களையும் முகாமுக்குக் கூப்பிடுவதுண்டு, அவர்களில் சிலர் உள்ளே போய்விடுவதும் உண்டு. இடம் கிடைக்காதவர்களுக்குச் சுவீடனின் உயர் லீக் போன்ற ஐரோப்பிய லீக்குகள் இருக்கின்றன. சம்பளம் சிறியது என்றாலும் ஆட்டம் தரமானது. ஓரிரு ஆண்டுகள் அங்கே ஆடித் திரும்பி வருகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கட்டணமும் வீதமும் போதும். இரண்டு பெண்களின் கதையைச் சொல்கிறேன்.

நத்தாலி ஸ்பூனர் 1990 இல் உங்கள் அக்கா வசிக்கும் அதே ஸ்காபரோவில் பிறந்தவர். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2012 வரை ஆடினார். வெளியே வந்தபோது சம்பளம் தரும் லீக் எதுவும் இல்லை. மேலே சொன்ன கனேடிய மகளிர் லீக்கின் ரொறன்ரோ அணிக்கு முதலில் ஊதியமின்றி ஆடினார், தேசிய அணியில் ஒலிம்பிக் தங்கம் வென்றார், அந்த லீக் மூடப்பட்டபோது இருநூறுக்கும் மேற்பட்ட பெண்களோடு சேர்ந்து, முறையான லீக் வரும் வரை வட அமெரிக்காவின் எந்த லீக்கிலும் ஆடமாட்டோம் என்று நின்றவர்களில் ஒருவரானார். 2022 டிசம்பரில் தாயானார். குழந்தை பிறந்து ஓராண்டு கழித்து, முப்பத்துமூன்று வயதில், புதிய லீக்கின் முதல் பருவத்தில் இருபத்துநான்கு ஆட்டங்களில் இருபது கோல் அடித்து ஆண்டின் மிகச் சிறந்த வீராங்கனையானார். அதே ஆண்டின் அரையிறுதித் தொடரில் முழங்காலில் பட்ட காயம் அவரை அடுத்த பருவத்தின் பாதிக்கும் மேலாக வெளியே வைத்தது. பல்கலைக்கழகத்துக்கும் முதல் உண்மையான சம்பளத்துக்கும் இடையில் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளி.

சேரா ஃபிலியர் அவரைவிடப் பத்து வயது இளையவர், ஒன்ராறியோவின் ஜோர்ஜ்டவுனைச் சேர்ந்தவர். விளையாட்டுப் புலமைப்பரிசில் தராத பிரின்ஸ்டனைத் தெரிவு செய்தார். இடையில் 2022 ஒலிம்பிக்குக்குப் போய்த் தங்கம் பெற்றார், திரும்பி வந்து பட்டத்தை முடித்தார். 2024 ஜூனில் நியூயோர்க் அணி அவரை முதல் பெயராக அழைத்தது. முதல் பருவத்திலேயே புள்ளிப் பட்டியலின் உச்சியைப் பகிர்ந்துகொண்டு, ஆண்டின் சிறந்த புதிய வீராங்கனையும் ஆனார். இவருக்கு இடைவெளி ஒரு கோடைகாலம்.

உங்கள் பெறாமகள் ஃபிலியரின் காலத்தில் பிறந்தவள் என்பது அவளுடைய அதிர்ஷ்டம். ஆனால் அவள் ஃபிலியர் அல்ல என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். பதினேழு வயதில் ஒருத்தி அந்த உயரத்தில் ஆடினால் குடும்பத்தார் ஆலோசனை தேட வேண்டியிருக்காது. பயிற்றுநர்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள். அவள் தேசிய அணியின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் முகாமுக்கு அழைக்கப்பட்டாளா என்பதை அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். அது ஒரு நல்ல அளவுகோல், ஒரே அளவுகோல் இல்லையென்றாலும்.

ஆட்டமும் மாறுகிறது. பல்கலைக்கழகத்தில் பெண்கள் ஒருவரையொருவர் உடலால் மோதித் தள்ளுவது குற்றம். தொழில்முறை லீக்கில், பக்கை அடையும் முயற்சியில் பலகைச் சுவரோரமாக மோதுவதற்கு ஓரளவு இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே கால் வேகத்தில் மட்டும் பிழைத்த மெலிந்த பெண்கள் முதல் பருவத்தில் திணறுவதைப் பார்க்கலாம். பல்கலைக்கழக ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனியில் வரும், கிழமை நாட்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும். லீக்கில் எந்த நாளும் ஆட்டம், விமானப் பயணம், அடுத்த நாள் வேறு நகரம். தண்டனையால் ஆள் குறைந்த அணி கோல் அடித்துவிட்டால் தண்டனை பெற்றவள் உடனே விடுதலையாகி வரலாம் என்ற புதுமையான விதியும் அங்கே உண்டு. அதை இங்கே எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்களுக்கு ஆட்டத்திலேயே அதுதான் பிடித்திருந்தது.

பட்டத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் நாட்டில் வலைப்பந்து ஆடும் பெண்ணுக்கு ஒரு வங்கியிலோ படைப்பிரிவிலோ வேலை கொடுத்து, அந்த நிறுவனத்தின் அணியில் ஆடவிடுவார்கள். விளையாட்டு முடிந்த பின்னும் வேலை நிற்கும். ஆறடி பத்தங்குல உயரத்தோடு உலகமே திரும்பிப் பார்த்த நம் தர்ஜினி சிவலிங்கம் கூட அப்படி ஒரு வங்கியின் அணியில் ஆடியவர்தான். வட அமெரிக்காவில் அந்த ஏற்பாடு இல்லை. ஒப்பந்தம் முடிந்த நாளில் கையில் இருப்பது பட்டம் ஒன்றுதான். கனடாவின் ஹொக்கி வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர் கல்கரி பல்கலைக்கழகத்தில் படித்தார், ஆடினார், நான்கு ஒலிம்பிக் தங்கங்களுக்குப் பிறகு அதே ஊரில் மருத்துவம் படித்து 2021 இல் வைத்தியரானார். ஹார்வர்டில் படித்து அமெரிக்காவுக்காக நான்கு ஒலிம்பிக்கில் ஆடிய ஜூலி சூ, மொன்றியலின் கொன்கோர்டியா பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக ஆனார். என் பேத்தி எந்தத் தெரிவிலும் அழைக்கப்படவில்லை. உடற்சிகிச்சை படித்து, இப்போது மாலையில் சிறுமிகளுக்குக் கோல்காப்புக் கற்றுக்கொடுக்கிறாள். அவளுக்கு அதில் குறையொன்றும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் கருத்தைக் கேட்டால்: அமெரிக்க அழைப்பு முதலாம் பிரிவிலிருந்து வந்ததாகவும், செலவின் பெரும் பகுதியை எழுத்தில் ஏற்பதாகவும், அவள் படிக்க விரும்பும் துறை அங்கே இருப்பதாகவும், முதலிரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கமாகக் களமிறங்க வாய்ப்புள்ளதாகவும் இருந்தால் போகட்டும். இவற்றில் இரண்டு தவறினாலும் ஒன்ராறியோதான். கடன் வாங்கி அமெரிக்கா போய் நான்காம் வரிசையில் இருப்பதைவிட, வீட்டுச் சாப்பாட்டோடு ஒவ்வொரு ஆட்டத்திலும் இருபது நிமிடம் ஆடுகிறவள் ஐந்தாண்டில் மேலான ஆட்டக்காரியாக வருவாள். பெண் பிள்ளையைத் தனியே தூரம் அனுப்புவதா என்று அத்தான் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். அதைக் காரணமாக வைக்க வேண்டாம். அணியோடு இருக்கும் மாணவிக்கு நேரம் போகிற போக்கில் தனிமைக்கு இடமே இராது; அதிகாலையில் உடற்பயிற்சி, பிறகு வகுப்பு, பின்னேரம் பனித்தளம், இரவில் பாடம்.

அம்மம்மா கேட்டதாக நீங்கள் எழுதிய "பல்லு உடையாதோ" என்ற கேள்விக்கும் பதில் உண்டு. இரண்டு நாட்டுப் பல்கலைக்கழக ஆட்டங்களிலும் பெண்கள் முகம் முழுவதையும் மறைக்கும் கம்பிக் கூடோ கண்ணாடியோ அணிந்தே ஆக வேண்டும், பல்லுக்குப் பயமில்லை. பயப்பட வேண்டியது தலையதிர்ச்சிக்கும் முழங்காலுக்கும்தான். காயமடைந்தால் உதவித்தொகை தொடருமா, சிகிச்சைச் செலவு யாருடையது, அமெரிக்காவில் காப்புறுதி எதை ஏற்கும் என்ற மூன்றையும் நிதியுதவி ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவள் எங்கே சேர்ந்தாலும் ஆட்டம் ரொறன்ரோ நேரம் மாலை ஏழு மணிக்கென்றால் குளிர்காலத்தில் நமக்கு விடிகாலை ஐந்தரை. அம்மம்மாவை எழுப்புவது சிரமமாக இராது. கோணேசர் கோவிலுக்குப் போகிறவர்கள் எழும்பும் நேரம்தானே. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தம் கையெழுத்தோடு அக்காவின் கைக்கு வரும் வரை ஒன்ராறியோப் பல்கலைக்கழகத்துக்கு மறுப்பு எழுத வேண்டாம்.